லேபுக்குப் புதுக் கணனி வாங்கும் முன்





நோன்புக்கு முன்பு பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் தொடங்கிய கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாடசாலைக் கணனி லேப் பாழடைந்து கிடக்கிறது, இருப்பதையெல்லாம் வீசிவிட்டுப் புதிதாகப் போடுவோம், யார் யார் எவ்வளவு தருகிறீர்கள் என்று பட்டியல் ஓடியது. கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் பெயர்கள் சேர்ந்தன. நல்ல மனம், அதில் சந்தேகமே இல்லை. லேப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியைகள் எங்கள் இருவரிடமும் "நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?" என்று கேட்டபோது, நோன்பு விடுமுறையை எங்களுக்குத் தாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றோம். பார்த்துவிட்டோம். வொய்ஸ் மெசேஜில் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறோம். நீளமான பதிவுதான். காசு போடுகிறவர்களும் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் லேபின் நிலைமை. மொத்தம் 14 கணனிகள். எல்லாம் பத்து வருடத்துக்கு மேல் பழையவை. வந்தபோதே வின்டோஸ் 7 போட்டு வந்தவை. நோன்புக்கு முன்பு அவற்றில் 5 மட்டும்தான் ஒன் ஆகும். அந்த ஐந்திலும் இணையம் ஒழுங்காகத் திறப்பது இரண்டில். ஒரு வகுப்பில் 35 பிள்ளைகள் என்றால் ஒரு கணனிக்கு 7 பேர். ஒருவர் மௌஸைப் பிடிக்க ஆறு பேர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் மௌஸைப் பிடிப்பது ஏற்கெனவே வீட்டில் கணனி உள்ள பிள்ளை. வீட்டில் இல்லாத பிள்ளை எட்டிப் பார்க்கிற கூட்டத்தில் நிற்கும். யாருக்காக லேப் கட்டப்பட்டதோ, அந்தப் பிள்ளைக்குத்தான் கணனி எட்டவில்லை.

இது வெறும் ஐ.சி.டி. பாடப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். பரீட்சைத் திணைக்களத்தின் விண்ணப்பங்கள் இணையத்தில். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில். பாடங்களும் பயிற்சிகளும் ஈ-தக்சலாவ தளத்தில். பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பமும் ஒன்லைனில்தான்.

கடந்த வருடம் எங்களிடம் படித்த ஒரு பிள்ளை அந்த விண்ணப்பத்தை அனுப்ப லேபுக்கு வந்தாள். அவளுடைய உம்மா வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். வீட்டில் இருப்பது திரை வெடித்த ஒரு சின்ன போன். லேபில் இருந்த கணனி எதிலும் பக்கம் திறக்கவில்லை. "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சிவப்பாக ஓர் அறிவித்தல் மட்டும் வந்து நின்றது. உம்மா அன்றையக் கூலியை விட்டுவிட்டு மகளோடு பஸ் ஏறிப் புத்தளம் போய், ஒரு கடையில் காசு கொடுத்து விண்ணப்பத்தை நிரப்பினார். நிரப்பியது கடையில் இருந்த பையன். மின்னஞ்சலும் அவனுடையது, பாஸ்வேர்டும் அவன் போட்டது. பிறகு ஒரு விபரத்தைச் சரிபார்க்க வேண்டி வந்தபோது பாஸ்வேர்ட் இவர்களிடம் இல்லை. திரும்பவும் ஒரு நாள் கூலி, திரும்பவும் பஸ். அல்ஹம்துலில்லாஹ், விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஒரு பிள்ளையின் அடையாள அட்டை இலக்கமும் பெறுபேறும் பாஸ்வேர்டும் ஏதோ ஒரு கடைக் கணனியில் கிடக்கின்றன.

இந்த விடுமுறையில் அந்தக் கணனிகளில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது இதுதான்: மதர்போர்டில் இருக்கிற, ஒரு நாணயம் அளவான வட்டப் பட்டரி செத்துப் போயிருந்தது. சில நூறு ரூபாச் சாமான்.

பட்டரிக்கும் விண்ணப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கணனியை நிறுத்திய பிறகும் அதன் மணிக்கூடு ஓடுவது அந்தப் பட்டரியால்தான். பட்டரி செத்தால் ஒவ்வொரு முறை ஒன் பண்ணும்போதும் திகதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். அரச தளமோ வங்கித் தளமோ, நீங்கள் அதைத் திறக்கும்போது அது தன் அடையாளச் சான்றிதழைக் காட்டும். அந்தச் சான்றிதழில் இந்தத் திகதி முதல் இந்தத் திகதி வரை செல்லுபடி என்று இருக்கும். கணனி தன்னுடைய மணிக்கூட்டைப் பார்க்கும். தன் கணக்கில் இன்னும் பழைய வருடம்தான், இந்தச் சான்றிதழோ எதிர்காலத்தில் தொடங்குகிறது. இது கள்ளச் சான்றிதழ் என்று முடிவு கட்டிக் கதவை மூடிவிடும். கணனி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதற்கு இன்று என்ன நாள் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டில் யாருக்காவது இப்படிச் சிவப்பு அறிவித்தல் வந்தால், திருத்துகிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்பு திரையின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள்.

சரி, எல்லாக் கணனிக்கும் பட்டரிதான் நோயா? இல்லை. பெரிய நோய் உள்ளே இருக்கிற மென்பொருள் காலாவதியானது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் "அப்டேட்" என்றால் டேட்டா தின்கிற ஒரு தொல்லை என்றுதான் ஊரில் பெரும்பாலானோர் நினைக்கிறோம்.

ஒரு மென்பொருளை விற்கும் நாளில் அது முழுமையாக முடிந்திருப்பதில்லை. எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்பது பாவிக்கப் பாவிக்கத்தான் தெரியவரும். தெரிய வந்ததும் தயாரித்தவர் அந்த ஓட்டையை அடைத்து அனுப்புவதுதான் அப்டேட். ஆனால் அதற்கும் ஒரு கால எல்லை உண்டு. வின்டோஸ் 7 வெளிவந்தது 2009 இல். மைக்ரோசொப்ட் அதற்கான பாதுகாப்பு அப்டேட்டை 2020 ஜனவரி 14 ஆந் திகதியோடு நிறுத்தியது. கூகுளின் குரோம் உலாவி 2023 பெப்ரவரியோடு வின்டோஸ் 7 ஐக் கைவிட்டது. அந்தக் கணனிகளில் குரோம் 109 ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. தளங்களோ மாறிக்கொண்டே போகின்றன. அதனால்தான் "முன்பு திறந்தது, இப்போது திறக்கவில்லை" என்கிற முறைப்பாடு. கணனியில் ஒன்றும் உடையவில்லை. அதைச் சுற்றி உலகம் நகர்ந்துவிட்டது.

அப்டேட் செய்யாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் கண்ட பாடம் ஒன்று இருக்கிறது. 2017 மே 12 ஆந் திகதி 'வொன்னாக்ரை' என்ற வைரஸ் பரவியது. கணனியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும். சுமார் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணனிகளைப் பிடித்தது. இங்கிலாந்தில் அரச வைத்தியசாலைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே வருடம் மார்ச் 14 இலேயே வந்துவிட்டது. இரண்டு மாதம் கையில் இருந்தது. மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை வின்டோஸ் 7 ஓடிய கணனிகள். மருந்து வந்தும் குடிக்காதவர்கள் என்று சொல்லலாம்.

எங்கள் லேபில் அப்டேட் ஏன் நடக்கவில்லை என்று பார்த்தோம். காரணங்கள் மூன்று. உங்கள் வீட்டுக் கணனிக்கும் இவை பொருந்தும்.

முதலாவது, பழைய சீடீ. கணனி மெதுவானால் நம் பக்கத்தில் செய்கிற ஒரே வைத்தியம் 'போர்மட் அடிப்பது'. அடித்துவிட்டுப் பத்து வருடத்துக்கு முந்திய சீடீயிலிருந்து வின்டோஸ் 7 ஐத் திரும்பப் போடுவார்கள். ஒரு கிழமை வேகமாக ஓடும். ஆனால் மைக்ரோசொப்ட் 2019 இல் தன் அப்டேட்டுகளில் இடும் டிஜிட்டல் கையொப்பத்தின் முறையைப் புதிய, பலமான ஒன்றுக்கு மாற்றியது. அந்தப் புதிய கையொப்பத்தை வாசிக்கத் தெரிவதற்கே ஒரு தனி அப்டேட் தேவை. பழைய சீடீயிலிருந்து போட்ட வின்டோஸுக்கு அந்தக் கையொப்பம் விளங்காது. அதனால் பின்னால் வந்த எந்த அப்டேட்டையும் ஏற்காது. தேடும், தேடும், தேடிக்கொண்டே இருக்கும். கணனி இரைவதும் சூடாவதும் ஊர்வதும் பாதி இதனால்தான். ஏணியில் நடுப்படி ஒன்று இல்லாமல் மேல்படிக்கு ஏறப் பார்ப்பது போன்றது.

இரண்டாவது, கள்ளக் கொப்பி. காசு கொடுக்காமல் எடுத்த வின்டோஸில், பிடிபட்டுவிடும் என்ற பயத்தில் அப்டேட்டை வேண்டுமென்றே நிறுத்திவிடுவார்கள். வீடுகளில் உள்ளவற்றிலும் இது நிறைய. பொதுச் சொத்து என்பது அமானிதம். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் திருட்டு மென்பொருள் ஓடக் கூடாது என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம். அதைவிட முக்கியமாக, உள்ளே யார் என்ன கலந்து வைத்திருக்கிறார் என்று தெரியாத ஒன்றில் பிள்ளைகளின் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டச்சு செய்ய முடியாது.

மூன்றாவது, பாமினி. இது எங்கள் ஆசிரியர்களின் தனிப் பிரச்சினை. வினாத்தாள், கடிதம், பெயர்ப்பட்டியல் எல்லாம் வருடக்கணக்காகப் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. வின்டோஸை மாற்றினால் அதெல்லாம் போய்விடும் என்ற பயத்தில் யாரும் கை வைக்கவில்லை. உண்மையில் பாமினியில் நாம் 'அ' என்று காண்பது கணனிக்கு ஓர் ஆங்கில எழுத்து. அதற்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். பாமினி இல்லாத கணனியில் திறந்தால் போர்வை விலகி, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை தெரியும். யுனிகோட்டில் அப்படியில்லை. 'அ' வுக்கு 2949 என்று சொந்த இலக்கமே இருக்கிறது. எந்த நாட்டுக் கணனியிலும் போனிலும் அது 'அ' தான். பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றும் வசதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விடுமுறையில் பழைய வினாத்தாள்களை மாற்றினோம். எழுத்து சில இடங்களில் பிசகியது, கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. ஆனால் இப்போது ஒரு வினாத்தாளை நேரே பெற்றோரின் போனுக்கு அனுப்பலாம், அங்கேயும் தமிழாகவே திறக்கும்.

இனி என்ன செய்தோம் என்பது. வேலை காலை 9 மணி முதல் ளுஹர் வரை. புத்தளத்தில் கணனி திருத்தும் கடையொன்றில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவன் ஒருவனும், தரம் 10 பிள்ளைகள் நால்வரும் சேர்ந்தார்கள். நாங்கள் போன ஒழுங்கை அப்படியே எழுதுகிறோம். வேறு பாடசாலை ஆசிரியர்கள் யாரும் வாசித்தால் உதவும்.

1. எதையும் தொடுவதற்கு முன்பு எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் கொப்பி எடுத்தோம். இதைச் செய்யாமல் யாரும் அப்டேட்டோ போர்மட்டோ செய்ய வேண்டாம்.

2. மூடியைக் கழற்றித் தூசு தட்டினோம். எங்கள் ஊர்க் காற்றில் மணலும் உப்பும் கலந்திருக்கிறது. ரெம்மின் செப்புக் கால்கள் கறுத்துப் போயிருந்தன. மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்தியதும், செத்தது என்று மூலையில் வைத்த கணனிகளில் நான்கு உயிர்த்தன.

3. 14 கணனிக்கும் பட்டரி மாற்றினோம். மூன்று கணனிகள் எதற்கும் அசையவில்லை. அவற்றின் ரெம்மையும் மற்றப் பாகங்களையும் கழற்றி மற்றவற்றுக்குப் போட்டோம்.

4. பழைய ஹார்ட் டிஸ்க் சுழன்று சுழன்று வாசிக்கும். அதற்குப் பதிலாக, சுழலாத எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய கணனிக்கும் வேகம் வரும். கையில் இருந்த காசுக்கு ஆறு வாங்கினோம். வித்தியாசத்தை லேபுக்கு வந்து நீங்களே பார்க்கலாம்.

5. புதிய மென்பொருளை முதலில் ஒரே ஒரு கணனியில் போட்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்தோம். பிறகுதான் மற்றவை. இதற்கும் ஒரு பாடம் உண்டு. 2024 ஜூலை 19 ஆந் திகதி 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஓர் அப்டேட், சுமார் 85 இலட்சம் கணனிகளை ஒரே நாளில் நீலத் திரையில் நிறுத்தியது. விமானங்கள் பறக்கவில்லை. அப்டேட் அவசியம்தான். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது.

6. அப்டேட் ஓடும்போது கரண்ட் போகக் கூடாது. பாதியில் நின்றால் சில கணனிகள் எழும்பாமலே போகும். அதனால் யூ.பீ.எஸ். ஒன்றைக் கடன் வாங்கி, ஒவ்வொரு கணனியாக அதில் மாட்டித்தான் செய்தோம்.

கரண்ட் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப் பெயர் நாடு முழுக்கத் தெரிவது லக்விஜய அனல்மின் நிலையத்தால். 300 மெகாவொட் அலகுகள் மூன்று, மொத்தம் 900. முதல் அலகு 2011 இல் ஓடத் தொடங்கியது, 2014 இல் மூன்றும் முடிந்தன. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்றார்கள், நாடே இருண்டது. அந்த அதிர்ச்சியில் இங்கே உள்ள மூன்று அலகுகளும் நின்றன. நின்றது ஒரு நொடியில். திரும்ப முழுதாக ஓட நாட்கள் எடுத்தன, அதுவரை நாட்டில் மின்வெட்டு. ஓடுகிற ஒன்றைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அந்த நிலையத்தைப் பற்றி எவ்வளவோ விவாதம் உண்டு, அது வேறு கதை. ஆனால் ஒரு விசயத்தை யோசித்துப் பாருங்கள். எங்கள் லேபுக்கும் அந்த இயந்திரங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவற்றைப் பழசு என்று யாரும் கடலில் தள்ளவில்லை. குறித்த காலத்தில் ஓர் அலகை நிறுத்தி, பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்ப ஓட்டுகிறார்கள். அதற்கென்று ஆள் இருக்கிறது, காசு இருக்கிறது, நாட்காட்டி இருக்கிறது. தோட்டம் செய்கிற நம்மவர்களும் அப்படித்தான். தண்ணீர் இறைக்கும் மோட்டர் இழுக்கவில்லை என்றால் வோஷரைப் பார்ப்பார்கள், பிளக்கைக் கழற்றித் துடைப்பார்கள். முதல் வேலையாகப் புது மோட்டருக்குக் காசு சேர்க்கிற விவசாயியை நாங்கள் இன்னும் காணவில்லை. லேபுக்கு மட்டும்தான் ஆளும் இல்லை, காசும் இல்லை, நாட்காட்டியும் இல்லை.

அடுத்து, எந்த மென்பொருளைப் போடுவது. வின்டோஸ் 11 எங்கள் கணனிகளில் ஏறாது. அது புதிய வகைப் புரொசசரையும் டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. வின்டோஸ் 10 ஏறும், ஆனால் அதற்கான வழமையான அப்டேட் 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு முடிந்துவிட்டது. ஆகவே 9 கணனிகளில் லினக்ஸ் மின்ட் போட்டோம். லினக்ஸ் என்பது 1991 இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர் தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். யாரும் சட்டப்படி இலவசமாகப் பாவிக்கலாம். நாங்கள் போட்ட பதிப்புக்கு 2029 வரை அப்டேட் வரும். குறைந்த ரெம்மில் ஓடுகிற எக்ஸ்எஃப்சீஈ என்ற இலகுவான வகையைத்தான் தெரிவு செய்தோம். சாதாரண தரப் பிள்ளைகளின் பஸ்கால், உயர்தரப் பிள்ளைகளின் பைதன், இரண்டும் அதில் ஓடுகின்றன. கடிதமும் கணக்குத் தாளும் செய்ய லிப்ரே ஒபிஸ் இருக்கிறது.

எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டோம். வேர்டில் செய்து வருகிற படிவங்கள் லிப்ரே ஒபிஸில் திறந்தால் சில நேரம் கட்டங்கள் தள்ளிப் போகின்றன. எங்கள் பழைய அச்சுப்பொறி லினக்ஸோடு பேச மறுத்துவிட்டது. அதனால் இரண்டு கணனிகளில் அனுமதிப் பத்திரத்தோடு வின்டோஸ் 10 வைத்திருக்கிறோம். அவை படிவத்துக்கும் அச்சுக்கும் மட்டும், இணையத்தில் இணைப்பதில்லை. தரம் 8 பையன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், பழைய கார் கேம் எங்க?" என்று கேட்டுக் கோபித்துக்கொண்டான். சில வாப்பாமார் கேட்டார்கள்: "வேலைக்குப் போனா வின்டோஸ்தானே கேப்பாங்க?" நியாயமான கேள்வி. எங்கள் பதில் இதுதான். கோப்பை ஒழுங்காகச் சேமிக்க, சூத்திரம் போட, ஒரு நிரலை எழுதிப் பிழை தேட, பாதுகாப்பாக ஒரு விண்ணப்பம் அனுப்பத் தெரிந்த பிள்ளை எந்தக் கணனியிலும் ஒரு கிழமையில் பழகிவிடும். மௌஸைத் தொடவே கிடைக்காத பிள்ளை எதிலும் பழகாது. கல்வியியற் கல்லூரியில் எமக்கு முதலில் சொல்லித் தந்ததும் அதுதான்: வகுப்பில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து பாடத்தைத் தொடங்கு.

இப்போது கணக்கு. 14 இல் 11 ஓடுகின்றன. 35 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு கணனிக்கு மூன்று அல்லது நான்கு பேர். இதற்கு ஆன மொத்தச் செலவு ஒரு புதிய கணனியின் விலைக்கும் குறைவு. பற்றுச்சீட்டுகள் அதிபரிடம் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு ஒரு புதிய கணனி என்ன விலை என்பது காசு அனுப்புகிற உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

கட்டாரில் இருக்கும் ஒரு நானா குழுவில் சொன்னார்: "தங்கச்சிமார், புதுசு போட்டா பத்து வருசத்துக்குப் பாக்கத் தேவல்ல. பழசுக்குக் காசு கொட்டுறது ஓட்ட வாளியால தண்ணி அள்ளுற மாதிரி." அவர் சொன்னதில் பாதி சரி. செத்த மூன்றுக்குப் பதிலாகப் புதியவை தேவைதான். மீதி 11 உம் என்றென்றைக்கும் ஓடப் போவதில்லை. ஆனால் நானா கோபிக்காமல் கேட்க வேண்டும். இந்த 14 கணனிகளும் ஒரு நாள் புதிதாக, நாடா வெட்டித்தான் வந்தன. அன்று வைத்த பெயர்ப் பலகை இன்றும் சுவரில் பளபளக்கிறது. அதற்குக் கீழே இருந்த கணனிகளுக்கு ஒரு பட்டரி வாங்கத்தான் வழி இருக்கவில்லை. "பத்து வருசத்துக்குப் பாக்கத் தேவல்ல" என்று நினைத்து வாங்கியதால்தான் பத்து வருடமாக யாரும் பார்க்கவில்லை. வின்டோஸ் 10 வந்தது 2015 இல், முடிந்தது 2025 இல். இன்று வாங்குகிற வின்டோஸ் 11 க்கும் ஒரு கடைசித் திகதி வரும். 14 புதிய கணனி வாங்கி, பார்க்க ஆள் வைக்காவிட்டால், இதே குழுவில் நம் பிள்ளைகள் இதே பட்டியலைத் திரும்ப ஓட்டுவார்கள்.

ஆகவே சேர்ந்திருக்கிற காசு பற்றி எங்கள் வேண்டுகோள் இது:

மூன்று புதிய கணனிகள் மட்டும் வாங்குவோம். அச்சுப்பொறி ஒன்றும் யூ.பீ.எஸ். இரண்டும் வாங்குவோம். எஸ்.எஸ்.டி. இல்லாத ஐந்து கணனிகளுக்கும் அதைப் போடுவோம். மீதிக் காசை ஒரே முறையில் செலவழிக்காமல், லேப் பராமரிப்புக்கென்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் வைத்து, ஒவ்வொரு வருடமும் ஒரு பங்கை எடுப்போம். பட்டரிக்கும் இணையத்துக்கும் கழிவு வயருக்கும் யாரும் பெயர்ப் பலகை வைக்க மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் பிள்ளைகள் விண்ணப்பம் அனுப்புவது அந்தப் பட்டரியால்தான்.

ஒவ்வொரு தவணையும் ஒரு சனிக்கிழமையை லேப் நாளாக வைப்போம். அன்று கொப்பி எடுப்பது, அப்டேட் போடுவது, தூசு தட்டுவது. ஒவ்வொரு கணனிக்கும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறோம்: எப்போது பட்டரி மாற்றியது, எப்போது அப்டேட் செய்தது, அதன் மென்பொருளுக்குக் கடைசித் திகதி எது. நாங்கள் இருவரும் நாளைக்கே இடமாற்றம் பெற்றுப் போனாலும், அடுத்து வருகிற ஆசிரியர் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தொடரலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் சில வார்த்தைகள். வின்டோஸ் 10 பாவிப்பவர்கள் பதற வேண்டாம். தனிப்பட்ட பாவனையாளர்கள் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம், அதற்குள் அடுத்த வழியை யோசியுங்கள். இணையத்தில் எதையோ பார்க்கும்போது திடீரென்று "உங்கள் கணனி காலாவதியாகிவிட்டது, இதை அழுத்துங்கள், இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்று வந்தால் அழுத்த வேண்டாம், அழைக்க வேண்டாம். அது மோசடி. உண்மையான அப்டேட்டைக் கணனியின் செட்டிங்ஸுக்குள் போய்த்தான் தேட வேண்டும். போனுக்கும் இதே சட்டம். பழைய மொனிட்டரையும் வயரையும் கடற்கரைக் குப்பையில் போட்டு எரிக்காதீர்கள். பெட்டி மாதிரியான பழைய மொனிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எங்களிடம் தந்தால் பாகம் எடுப்போம், மிஞ்சுவதை இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படைப்போம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுமுறைக்கு வரும்போது அலுமாரியில் கிடக்கிற பழைய மடிக்கணனியைக் கொண்டு வந்து தாருங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

இதோடு உடன்படாதவர்களும் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம். முதலாவது லேப் நாள் வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு. பிள்ளைகள் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் வருவதென்றால் ஸ்க்ரூ ட்ரைவர் இருந்தால் கொண்டு வாருங்கள், எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது.

வஸ்ஸலாம்.